ஆட்சி மாறியும் மனசு ஆறவில்லையே, ஏன்?

ஜெலுத்தோங்வாசி | இரவு 8:47

மலேசியாவின் 16ஆவது பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் எப்படியும் நடந்தாக வேண்டும். நம் இந்தியர்களிடம் இப்போதே அதிகம் கேட்கும் பேச்சு, "யார் வந்தாலும் இதே கதைதான், இந்த முறை நான் ஓட்டுப் போடப் போகவில்லை." இதைச் சொல்பவர்கள் அரசியல் தெரியாதவர்கள் இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைக்கான ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணியில், கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப்புகைக்கு நடுவில் நின்றவர்கள், 2018 மே 9 இரவு தூங்காமல் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். அன்றைக்குப் பிரதமர் நஜிப் மேல் இருந்த கோபத்தைவிட இன்றைக்கு ஆட்சியில் இருப்பவர்கள் மேல் இருக்கும் வருத்தம் ஆழமாக இருக்கிறது.

என் கருத்து இதுதான். 2018இல் ஒரே ஓட்டுச்சீட்டில் நாம் இரண்டு வேறு காரியங்களுக்கு வாக்களித்தோம். ஒன்று, ஒரு மனிதரையும் அம்னோ தலைமையிலான கூட்டணியின் 61 ஆண்டு ஆட்சியையும் இறக்குவது. இன்னொன்று, அந்த 61 ஆண்டில் தேங்கிப்போன நம் சிக்கல்களைத் தீர்ப்பது. முதல் காரியம் ஒரே இரவில் முடிந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்த மனசு, இரண்டாவதும் அதே வேகத்தில் நடக்கும் என்று நம்பியது. அன்று ஜெயித்த பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியும் அப்படித்தான் நம்ப வைத்தது. 100 நாளில் 10 வாக்குறுதி, நாடற்ற இந்தியர்களின் சிக்கலும் 100 நாளில் தீரும் என்று கொள்கை அறிக்கையிலேயே எழுதினார்கள். பிறகு அந்த ஆகஸ்டில் புதிய பிரதமர் மகாதீரே சொன்னார், நாங்கள் ஜெயிப்போம் என்று எதிர்பார்க்கவில்லை, அதனால் தடிமனான அறிக்கையாகப் போட்டுவிட்டோம் என்று. வாக்குக் கேட்கும்போது தெரியாத கஷ்டம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தெரிகிறது என்றால், அறிக்கையை நம்பி வரிசையில் நின்றவனுக்கு என்ன மரியாதை?

இங்கே இருப்பவர்கள் மனம் விட்டு எழுதுங்கள். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று அடித்துக்கொள்ள இந்த இழை இல்லை.

செந்தூல்காரன் | இரவு 9:05

எனக்கு இறக்கியதே பெரிய காரியம். 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணம் போன வழியைப் பார்த்த பிறகும் அந்த ஆளை விட்டு வைத்திருந்தால் இந்த நாட்டில் தப்பு செய்ய யாருக்கும் பயமே இருந்திருக்காது. 2022 ஆகஸ்ட் 23 அன்று ஒரு முன்னாள் பிரதமர் காஜாங் சிறைக்குப் போனார். அது நடந்தது இஸ்மாயில் சப்ரி காலத்தில், அம்னோ பிரதமர் இருக்கும்போதே. 2018இல் வாக்காளர் அந்தக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் வழக்கே போட்டிருக்க மாட்டார்கள். இதை மறந்துவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் விலைவாசியில் நாம் ஏமாந்தோம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1 முதல் அதை 0 ஆக்கினார்கள், செப்டம்பர் 1இல் பழைய எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது. இடையில் மூன்று மாதம் கார் கடைகளில் கூட்டம். உணவுக்கடையில் தோசையும் தே தாரேக்கும் எந்த விலையில் ஏறி நின்றனவோ அதே விலையில்தான் இருந்தன. ஏறிய விலை வரி போனதால் இறங்காது, வாடகை, கூலி, மாவு என்று எல்லாம் சேர்ந்து ஏற்றியது அது. இதை மேடையில் யாரும் சொல்லவில்லை. "ஜிஎஸ்டி போனால் எல்லாம் மலிவு" என்றார்கள், நாமும் கை தட்டினோம். 2017இல் ஜிஎஸ்டியில் அரசுக்கு வந்தது ஏறக்குறைய 4,400 கோடி வெள்ளி (ரிங்கிட்). அவ்வளவு பெரிய வருமானத்தை எடுத்துவிட்டு மானியமும் கொடுப்போம், டோலும் எடுப்போம், கல்விக் கடனையும் தள்ளி வைப்போம் என்றால் பணம் எங்கிருந்து வரும் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. 2024 மார்ச்சில் சேவை வரி 6இலிருந்து 8 விழுக்காடு ஆனது, ஜூனில் தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்கு ஏறியது. பில் தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

முதல்ஓட்டு2022 | இரவு 9:11

அண்ணே, நீங்கள் எல்லாரும் நஜிப்பை இறக்கிய இரவைப் பேசுகிறீர்கள். அப்போது நான் பள்ளிக்கூடம். எனக்கு 18 வயதில் ஓட்டு கிடைத்ததே 2019இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தால்தான், அதற்கு நன்றி உண்டு. ஆனால் எங்கள் வயதுக்காரர்களுக்கு இறக்குவதில் கிடைத்த அந்த சந்தோஷம் கிடையாது. நாங்கள் பார்த்தது 2020 பிப்ரவரியில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசியே ஆட்சியைக் கவிழ்த்தது, அப்புறம் ஒருவர் பின் ஒருவராகப் பிரதமர்கள். 2022இல் நான் போட்ட ஓட்டு பக்காத்தானுக்கு. அது அம்னோவின் கூட்டணியான தேசிய முன்னணியோடு சேர்ந்து அரசு அமைக்கும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

தமிழ்ப்பள்ளி டீச்சர் | இரவு 9:34

தம்பி சொன்னது நியாயம்.

என் வலி வேறு இடத்தில். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்தபின், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் கிடைக்காத பிள்ளைகளின் அம்மாக்கள் போன் செய்கிறார்கள். பழைய ஆட்சியிலும் செய்தார்கள், புதிய ஆட்சியிலும் செய்கிறார்கள். 2024 ஜூன் கடைசியில் பிரதமர் அன்வார், 10 ஏ எடுத்த எந்த இனப் பிள்ளைக்கும் இடம் உறுதி என்று அறிவித்தபோது எங்கள் ஆசிரியர் குழுவில் எல்லாருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி. மறு ஆண்டு ஏ மைனஸ் அந்தப் பத்தில் சேராது என்று தெரிய வந்தது. ஏழு ஏ, மூன்று ஏ மைனஸ் எடுத்த பிள்ளையிடம் போய் இதை எப்படி விளக்குவது? முன்பு இருந்தவர்கள் நமக்கு இடம் தரவில்லை என்றால் கோபம் வரும், அதோடு முடியும். இப்போது தருகிறேன் என்று சொல்லி, பிறகு ஓரத்தில் ஒரு வரி சேர்த்தால் வருவது கோபம் இல்லை, நம்பிக்கையே விட்டுப்போகிறது. 8 ஏ, 9 ஏ எடுக்கும் ஏழைப் பிள்ளைகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பத்தில், டியூஷன் இல்லாமல், இரண்டு அறை பிளாட்டில் படித்து 8 ஏ எடுப்பது சின்ன விஷயமா?

ஒவ்வோர் ஆண்டும் எத்தனை இந்திய மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று முழுக் கணக்கை வெளியிட்டாலே பாதி சந்தேகம் தீரும். அதற்குப் பணம் தேவையில்லை, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் தேவையில்லை.

கெலுகோர் பக்கம் | இரவு 9:52

பினாங்கில் இருந்துகொண்டு கம்போங் புவா பாலா கிராமத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 2018க்குப் பத்து ஆண்டு முன்பே நாங்கள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டோம்.

2008 மார்ச் 8 பொதுத்தேர்தல். ஹிண்ட்ராஃப் அலை. மாநிலத்தில் 40 இடங்களில் 29 எதிர்க்கட்சிகளுக்கு, அதுவரை மாநிலத்தை ஆண்ட கெராக்கான் கட்சிக்கு ஒன்றுகூட இல்லை. அந்தத் தமிழ்க் கிராமத்தார் மாடு கன்றோடு தலைமுறை தலைமுறையாக இருந்த நிலம் அது. நிலத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க முடிவு செய்தது முந்தைய ஆட்சி. ஆனால் 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தில் கிராமத்தார் தோற்று, செப்டம்பரில் இயந்திரம் உள்ளே வந்தபோது நாற்காலியில் இருந்தது அவர்களே ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஆட்சி. சட்டப்படி கைகள் கட்டப்பட்டிருந்தன என்று முதலமைச்சர் தரப்பு சொன்னது. மாற்று வீடும் பேசிக் கொடுத்தார்கள். அது பொய் என்று நான் சொல்லவில்லை. இரட்டை மாடி வீடு பெரிய விஷயம்தான், பழைய ஆட்சியாக இருந்தால் அதுவும் கிடைத்திருக்குமா தெரியாது. ஆனால் அந்த மக்கள் கேட்டது வீட்டின் விலையை அல்ல. "எங்களோடு நின்று போராடியவர்கள் இப்போது கோட்டு போட்டுக்கொண்டு எதிரே நிற்கிறார்கள்" என்ற உணர்வு இருக்கிறதே, அதற்கு எந்த இழப்பீடும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்படி ஏமாந்தும் பினாங்கு இந்தியர்கள் 2013இலும் 2018இலும் திரும்ப அவர்களுக்கே போட்டார்கள். ஏன்? மறுபக்கம் போக இடமில்லை. அதைக் கட்சி விசுவாசம் என்று எடுத்துக்கொண்டதுதான் தலைவர்கள் செய்த தவறு.

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர் | இரவு 10:08

மேலே சொன்னதில் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். நாம் மக்கள்தொகையில் ஏறக்குறைய 7 விழுக்காடு. 222 நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. இழுபறித் தொகுதியில் நம் ஓட்டு வெற்றியைத் தீர்மானிக்கும், ஆனால் எந்த ஒரு தொகுதியும் நம்மை நம்பி மட்டும் இல்லை. ஓட்டு எண்ணும் இரவு நாம் மிக முக்கியம், மறுநாள் காலையிலிருந்து ஆட்சியின் கண் வேறு பக்கம். 2022இல் பக்காத்தானுக்கு 82 இடம், எதிரணியான பெரிக்காத்தான் கூட்டணிக்கு அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மலாய் வாக்காளர்களில் பெரும் பகுதி பெரிக்காத்தான் பக்கம் போனது. அதைப் பார்த்து நடுங்குகிற அரசு நமக்கு ஒன்று செய்யும்போதும் சத்தமில்லாமல்தான் செய்யும், சில சமயம் செய்யாமலே விடும்.

2018இலும் இதேதான். இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐநா ஒப்பந்தம் இச்செர்டில் கையெழுத்திடுவோம் என்றார்கள். எதிர்ப்பு வந்தது, நவம்பரில் பின்வாங்கினார்கள். பின்வாங்கிய பிறகும் டிசம்பர் 8இல் கோலாலம்பூரில் பெரிய பேரணி நடந்தது. அதே நவம்பரில்தான் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் கோயில் கலவரம், அதில் காயப்பட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். அந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு அந்த அரசு எந்தச் சீர்திருத்தத்தையும் தைரியமாகத் தொடவில்லை என்பது என் கணிப்பு.

அப்புறம், முகங்களை எண்ணும் பழக்கத்தை நாம் விட வேண்டும். 2018 அமைச்சரவையில் இந்திய வம்சாவளியினர் நான்கு பேர் முழு அமைச்சர்கள். அதற்கு முன் அப்படி இருந்ததில்லை. நம் பிள்ளைகளுக்கு அதனால் என்ன மாறியது? 2023 டிசம்பர் மாற்றத்தில் தமிழ் பேசும் முழு அமைச்சர் ஒருவரும் இல்லை என்றானபோது வந்த கொதிப்பு நியாயமானது, ஆனால் நான்கு பேர் இருந்தபோது என்ன கேட்டு வாங்கினோம் என்பதையும் கேட்க வேண்டும்.

செந்தூல்காரன் | இரவு 10:15

கணக்காளர் சார் சொன்ன பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறேன். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள், பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில். அந்தச் சட்டத்தின் கொடிய பிரிவுகளை நீக்குவோம் என்று எழுதிக் கொடுத்து வந்த ஆட்சியில். பிடிபட்டவர்களில் இரண்டு பேர் ஆளும் கூட்டணியில் இருந்த ஜசெகவின் (ஜனநாயக செயல் கட்சி) சட்டமன்ற உறுப்பினர்கள். தீபாவளி வந்தது, போனது, அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். 2020 பிப்ரவரி 21இல் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார், அடுத்த சில நாளில் அரசே கவிழ்ந்தது. ஜிஎஸ்டியை நான் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க முடியவில்லை. பணம் இல்லை என்று இதற்குச் சாக்கு சொல்ல முடியாது.

ஈப்போ ரோடு அக்கா | இரவு 10:29

நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயமா இது? என் மகள் லண்டனில் இருக்கிறாள், அங்கே 2024 ஜூலையில் லேபர் கட்சி 400க்கு மேல் இடம் பிடித்தது. ஆனால் வாங்கிய ஓட்டு 34 விழுக்காடு மட்டும்தான். கன்சர்வேடிவ் மேல் வெறுப்பு, அதில் ஜெயித்தார்கள். ஜெயித்த மாதமே ஓய்வூதியக்காரர்களுக்குக் கொடுத்துவந்த குளிர்காலச் சூட்டுக்கான உதவித்தொகையைப் பெரும்பாலோருக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள், மறு ஆண்டு ஜூனில் பின்வாங்க வேண்டியதாயிற்று. வெறுப்பில் விழுந்த ஓட்டைத் தங்கள் திட்டத்துக்கு விழுந்த ஓட்டு என்று எடுத்துக்கொண்டார்கள்.

இலங்கையையும் பாருங்கள். 2024 நவம்பரில் அநுர குமார திசாநாயக்கவின் கட்சிக் கூட்டணி 225இல் 159 இடம் பிடித்தது, யாழ்ப்பாண மாவட்டத்திலும் அதுதான் முதலிடம். ராஜபக்ஷக்கள் மேல் நாடே கொண்ட கோபம் அது. யாழ்ப்பாணத்தில் ஓட்டுப் போட்ட தமிழர் காணி திரும்பும், காணாமல் போனவர்களுக்குப் பதில் வரும் என்று போட்டார், தெற்கில் போட்டவர் அரிசி விலை குறையும், திருடியவர் உள்ளே போவார் என்று போட்டார். இரண்டும் ஒரே சின்னத்தில் விழுந்தது. ஜெயித்தவருக்கு எந்தக் குரல் பெரிதாகக் கேட்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெலுத்தோங்வாசி | இரவு 10:41

அக்கா, நான் சொல்ல வந்ததை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். ஒரே சின்னத்தில் விழும் ஓட்டுகளுக்குள் எத்தனையோ காரணங்கள். குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பது ஒரு வேலை, அதே வீட்டின் ஒழுகும் கூரையை மாற்றுவது வேறு வேலை. முதல் வேலைக்குத் தெருவே கூடி வரும். இரண்டாவதற்கு நாம் மட்டும்தான் நிற்போம்.

முதல்ஓட்டு2022 | இரவு 10:44

அப்படி என்றால் அம்னோ தலைவர் ஸாஹிட் விஷயத்தை எந்தக் கணக்கில் வைப்பது? 47 குற்றச்சாட்டு, 2023 செப்டம்பர் 4இல் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகாமலே வழக்கிலிருந்து விடுவிப்பு. துணைப் பிரதமர். பிறகு 2024 பிப்ரவரியில் நஜிப்பின் 12 ஆண்டு தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது, 21 கோடி வெள்ளி அபராதம் 5 கோடியானது. மன்னிப்பு வாரியத்தின் முடிவு, அரசுக்குத் தொடர்பில்லை என்கிறார்கள். 1998இலிருந்து ரிஃபார்மாசி (சீர்திருத்தம்) என்று கத்தியவர்கள் இதற்கு வாய் திறக்கவில்லை என்பதுதான் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும் ஒரே விஷயம். நீங்கள் அன்றைக்குக் காவலில் அடிபட்ட அன்வாரின் கறுத்த கண்ணைப் பார்த்தவர்கள், உங்களுக்கு அவர் மேல் ஒரு பாசம் இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

ஜெலுத்தோங்வாசி | இரவு 11:02

தம்பி, அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடாதே.

காரணம் சொல்கிறேன். 2024 மே 11 கோல குபு பாரு இடைத்தேர்தல் நினைவிருக்கிறதா? இந்தியர்கள் கணிசமாக உள்ள தொகுதி. புறக்கணியுங்கள், எதிர்த்துப் போடுங்கள் என்று பல குரல்கள். வாக்களிக்க வந்தவர்கள் 61 விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டினார்கள், பக்காத்தான் 3,869 வாக்கில் ஜெயித்தது, மறுநாள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். வராதவர் எதனால் வரவில்லை என்று எங்கேயும் பதிவாகவில்லை. கோபத்தில் வராதவரும் சிங்கப்பூரில் வேலை என்பதால் வராதவரும் ஒரே எண்ணில் அடங்கிவிட்டார்கள். அதற்கு மாறாக 2019 நவம்பர் தஞ்சோங் பியாய். 2018இல் பக்காத்தான் 524 வாக்கில் ஜெயித்த இடம், இடைத்தேர்தலில் 15,086 வாக்கில் தோற்றது. அந்தச் செய்தி புத்ராஜெயா வரை கேட்டது, மகாதீர் எப்போது இறங்குவார் என்ற சண்டையே அதற்குப் பிறகுதான் முற்றியது. ஆனால் அதுவும் கோபத்தின் அளவை மட்டும்தான் சொன்னது. என்ன வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டவர்கள் அவரவருக்குப் பிடித்த அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள்.

டீச்சர் சொன்ன மெட்ரிகுலேஷன் கணக்கு மாதிரி, செய்தாயா இல்லையா என்று ஒரே வரியில் பார்க்கக்கூடிய கோரிக்கைகள் வேண்டும். 2018 ஜூனில் நம்மவர்களுக்கு உண்மையாக நடந்த ஒன்றைப் பாருங்கள்: நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை கொடுக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. எண் இருந்தது, வயது இருந்தது, எந்த அட்டை என்று இருந்தது, அதனால் முடிவெடுக்க முடிந்தது. "நாடற்றோர் சிக்கலை 100 நாளில் தீர்ப்போம்" என்ற வாக்குறுதி அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் தீர்ப்பது என்றால் என்ன என்று யாரும் வரையறுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. "சமுதாயத்தை உயர்த்துவோம்" என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி டீச்சர் | இரவு 11:10

இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவையும் அப்படிக் கேளுங்கள். ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீடு என்று செய்தி வருகிறது, பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே அது மாறி மாறிப் போனதைத்தான் நாம் விவாதித்தோம். எந்தப் பாலர்பள்ளிக்கு எவ்வளவு போனது, அந்தப் பிள்ளைகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கெலுகோர் பக்கம் | இரவு 11:18

கோரிக்கை எழுதிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். 2008க்கு முன்பும் எழுதிக் கொடுத்தோம். ஹிண்ட்ராஃப் 2013இல் தேசிய முன்னணியோடு ஒப்பந்தமே போட்டது, அதன் தலைவர் வேதமூர்த்தி துணையமைச்சரானார், 2014 பிப்ரவரியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பதவி விலகினார். எழுத்தில் இருந்தால் நடக்கும் என்று நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் கணக்காளர் | இரவு 11:33

அந்த ஒப்பந்தம் தலைவர்களுக்கு இடையில் நடந்தது. நான் சொல்வது தொகுதி அளவில். நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சருக்கு எழுத்துமூலக் கேள்வி கொடுக்கலாம், பதில் நாடாளுமன்ற இணையத்தளத்தில் வரும். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் சரி. மெட்ரிகுலேஷன் விண்ணப்பம், கிடைத்த இடம், இன வாரியாக, ஐந்து ஆண்டுக்கு. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களில் முடிவு தெரியாமல் கிடப்பவை எத்தனை, ஆகப் பழையது எந்த ஆண்டு. இந்த இரண்டு கேள்வியை மலாயில் நான் எழுதித் தருகிறேன். ஜெலுத்தோங், பத்து (Batu), செகாம்புட், புக்கிட் குளுகோர் தொகுதிகளில் வாக்குள்ளவர்கள் இருந்தால் உங்கள் உறுப்பினரின் சேவை மையத்தில் நேரில் போய்க் கொடுங்கள். கேள்வியைக் கொடுக்க மறுத்தாலும் அதை இங்கே எழுதுங்கள், அதுவும் தேர்தலுக்கு முன் தெரிய வேண்டிய தகவல்தான்.

முதல்ஓட்டு2022 | இரவு 11:40

எனக்கு அந்த பத்து (Batu) தொகுதியில்தான் ஓட்டு. அனுப்புங்கள் சார், சனிக்கிழமை மையம் திறந்திருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கூட யாராவது வந்தால் நல்லது.

ஈப்போ ரோடு அக்கா | இரவு 11:46

நான் வருகிறேன் தம்பி, எனக்கும் அதே தொகுதிதான். நகல் இரண்டு எடுத்துக்கொள், ஒன்றில் அவர்கள் முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.